எஸ்ரா பாம்ஃப்ரெட்டுக்கு ஒரு நுழைவு அட்டை

யானை இறந்தாலும் ஆயிரம் பொன்.
எங்களுடையது இறக்கவில்லை,
கல்வர் சிட்டி வெயிலில் கால் மடக்கிப் படுத்திருந்தது.
மூன்று பில்லியன் டாலர் என்றார்கள்.
செய்தி வந்தபோது நான்
சம்பளப் பிரிவில் ஒரு ஸ்டேப்ளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

சியாட்டிலிலிருந்து ஆறு பேர் வந்தார்கள்.
ஆறு பேருக்கும் ஒரே மாதிரி முதுகுப்பை.
என் பெயரைச் சொல்ல முயன்று
பாதியில் கைவிட்டார்கள்.
வார்துஹி. அவ்வளவுதான்.
மேசைகளை எண்ணினார்கள், மரங்களை எண்ணினார்கள்,
ஐந்தாம் தளத்தின் கூரையில் குடியிருக்கும் ஆந்தையை
எண்ணுவதா வேண்டாமா என்று
ஒரு மணி நேரம் பேசினார்கள்.

பின்பக்கக் கிடங்கில் எங்களுக்கு ஒரு மயானம் உண்டு.
இருநூற்றுப் பன்னிரண்டு கல்லறைக் கற்கள்.
நடுகல் அல்ல, தெர்மோகோல்,
மேலே சாம்பல் பூச்சு.
துயரத்தை ஒரு விரலால் தூக்கிவிடலாம்.
செதுக்கியவன் சாப்பாட்டுக்கு அவசரப்பட்டவன் போல:
மூன்று கற்களில் ‘அன்பு மனைவி’ மட்டும் இருக்கிறது,
பெயர் இல்லை.
எஸ்ரா பாம்ஃப்ரெட், 1841–1879,
ஐந்து கௌபாய்ப் படங்களில் புதைக்கப்பட்டவர்.
ஒரே வாரத்தில் இரண்டு கதாநாயகிகள்
அவர்மேல் விழுந்து அழுததும் நடந்தது.

கணினி அந்தப் பட்டியலைத் தின்றது.
பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது,
ஆகவே ஆள்.
ஒரு வியாழக்கிழமை
இருநூற்றொன்பது பேருக்கு நல்வரவு மடல் போயிற்று.
அன்புள்ள எஸ்ரா,
உங்கள் பயணம் இங்கே தொடங்குகிறது.
பல் காப்பீடு. கம்பெனிப் பங்குகள்,
நான்கு வருடத்தில் கைக்கு வரும்.
பிறந்த ஆண்டுக்கு எதிரே
ஓய்வூதியத் தகுதி: பச்சைக் குறி.

சிரித்தேன்.
பிறகு பட்டியலில் மேலும் கீழும் தேடினேன்.
ரூபன் அரியோலா இல்லை.
மேற்கு வாசலில் பத்தொன்பது வருடம்.
யார் என்ன மனநிலையில் வருகிறார்கள் என்று
டயர் சத்தத்தில் சொல்வான்.
ஒப்பந்தக்காரரின் துணை ஒப்பந்தக்காரரின்
மைத்துனர் வழியாகச் சம்பளம் வாங்குகிறவன்.
அவனுக்கு ஒரு தெர்மோகோல்கூட இல்லை.

ஹால்வர்சன் என்ற பையன் ‘டிக்கெட் போடுங்கள்’ என்றான்.
போட்டேன்.
டிக்கெட்டுக்கு ஒரு எண் வந்தது.
எண்ணுக்கு ஒரு நன்றி வந்தது.
திங்கட்கிழமையோடு பழைய சாவிகள் செல்லாது
என்றொரு அறிவிப்பும் வந்தது.

சனிக்கிழமை அட்டைகள் பெட்டியில் வந்திறங்கின.
புகைப்படம் இருக்கவேண்டிய இடத்தில்
சாம்பல் நிறத் தலை நிழல்.
யாருக்கும் பொருந்தும் முகம்.
நான் எதுவும் சொல்லவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.
மேற்கு வாசல் மேசையில் ஒரு காகித உறையை வைத்துவிட்டுக்
காபி வாங்கப் போனேன்.

திங்கள், காலை ஐந்தே முக்கால்.
காவல்காரனுக்குக் காவலாக
ஒரு புதிய கண்ணாடிக் கதவு.
ரூபன் தொப்பியைக் கழற்றினான், ஏனோ.
அட்டையை நீட்டினான்.
பச்சை.
‘காலை வணக்கம், எஸ்ரா’ என்றது ஒரு பெண் குரல்,
அன்போடு,
அல்லது அன்பைப் போலிருக்கும் ஒன்றோடு.
எங்கள் தொழிலில் அந்த வித்தியாசத்தை
யாரும் பெரிதாகப் பார்த்ததில்லை.

நவம்பரில் எஸ்ராவுக்கு மதிப்பீடு வந்தது.
வருகை: மிகச் சிறப்பு.
கூட்டங்களில் பேச்சு: குறைவு.
படித்துவிட்டு ரூபன் உதட்டைப் பிதுக்கினான்,
‘செத்தவனுக்குப் பரவாயில்லை’ என்றான்.
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
அந்தப் பல் காப்பீடு
எப்போதிலிருந்து செல்லும் என்று கேட்டான்.
கடைவாயில் ஒரு வலி, கோடையிலிருந்து.

1841-இல் பிறந்தவரின் பல் என்று
எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது?
வாயைத் திறந்து காட்டினான்.
வீங்கித்தான் இருந்தது.